மார்கழிக் குளிரில் மரத்த விரல்கள்: டெல்லியில் எங்களுக்கு நடந்தவை

ஆர்.கே.புரம் வாசி:
மார்கழிக்கு ஊரிலிருந்து அம்மா அப்பாவை வரவழைக்கிறவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

என் அம்மா கும்பகோணத்துக்காரர். இங்கே வந்தும் விடியற்காலை ஐந்து மணிக்கு வாசல் தெளித்து, ஈரத் தரையில் வெறுங்காலோடு கோலம் போட்டார். அப்புறம் மலை மந்திர் முருகன் கோயிலில், சில்லென்ற கல்தரையில் பிரகாரம் சுற்றுவார். பத்தாம் நாள் கால்விரல்கள் கருஞ்சிவப்பாகத் தடித்துவிட்டன. பகலில் பெரிதாக ஒன்றும் இல்லை. ராத்திரி கம்பளிக்குள் கால் சூடேறியதும் தாங்க முடியாத அரிப்பு. எறும்பு கடித்திருக்கும் என்றார்.

நான் ஹீட்டரை இழுத்துக் கால் பக்கம் வைத்தேன். "இன்னும் கிட்ட வைப்பா, ஒண்ணும் தெரியல" என்றார். வைத்தேன். காலையில் சுண்டுவிரலில் கொப்புளம். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தோல் மருத்துவர் பார்த்ததும் சில்பிளேன், அதாவது குளிரால் வரும் தோல் வீக்கம் என்றார். இதற்குத் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிர வேண்டியதில்லை, ஈரமும் குளிரும் சேர்ந்தாலே வருமாம். குளிரில் சுருங்கிய நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சட்டென்று சூடாக்கினால் வீக்கம் இன்னும் மோசமாகும். சாதாரணமாக இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் கொப்புளம் ஆற ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. சர்க்கரை இருந்தால் முதல் நாளே டாக்டரிடம் போய்விடுங்கள்.

இப்போது விரலிடுக்கு வரை ஈரம் துடைத்து, இறுக்கமில்லாத கம்பளி சாக்ஸ் போடுகிறார். கோயிலிலும் அதைக் கழற்றுவதில்லை. கோலம் மட்டும் பெரிய சண்டைக்குப் பிறகு வெயில் வந்த பின் என்று முடிவானது.

துவாரகா, ஓய்வுபெற்ற ராணுவத்தார்:
சியாச்சினில் நான் பார்த்தது இதைவிடக் கடுமை. பனிக்கடி (ஃப்ராஸ்ட்பைட்) வந்தால் சதையே உறைந்துவிடும். கூட இருந்த பையன் ஒரு முடிச்சை அவிழ்க்கக் கையுறையைக் கழற்றினான். கொஞ்ச நேரத்தில் விரல் நுனிகள் மெழுகு மாதிரி வெளுத்துவிட்டன. தட்டினால் கட்டையைத் தட்டுவது போல இருந்தது. "வலி போயிடுச்சு அண்ணே" என்று சந்தோஷமாகச் சொன்னான். எனக்குப் பகீர் என்றது.

தேய்க்கவே கூடாது, உள்ளே உறைந்த சதை கிழியும். வழியில் மறுபடி உறைய வாய்ப்பிருந்தால் இளக்கவும் கூடாது. முகாமுக்கு வந்த பிறகுதான் 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் அவன் விரல்களை வைத்தோம். நிறம் திரும்ப அரை மணி நேரம் ஆனது, அவ்வளவு நேரமும் வலியில் அழுதான். தண்ணீரின் சூட்டைப் பக்கத்தில் இருப்பவர்தான் பார்க்க வேண்டும். அடிபட்டவன் கைக்கு அது தெரியாது. லே, மணாலி போகிறவர்கள் நினைவில் வையுங்கள்.

முனிர்கா வாசி:
எங்கள் தெருக் காவலாளி ஜனவரியில் ஒரு ராத்திரி மழையில் நனைந்துவிட்டார். முதலில் வெடவெடவென்று நடுங்கினார். பிறகு நடுக்கம் நின்றது, பேச்சு குழறியது. சரியாகிவிட்டார் என்று ஒருவர் ரம் கொண்டு வந்தார், இன்னொருவர் அவருடைய சின்ன அறைக்குள் அங்கீட்டியை (கரி அடுப்பை) வைத்துக் கதவைச் சாத்தப் போனார். இரண்டையும் தடுத்தேன். ரம் குடித்தால் உடம்புச் சூடு தோல் வழியாக இன்னும் வேகமாகப் போய்விடும். மூடிய அறையில் கரி எரிந்தால் வரும் நச்சு வாயு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். நடுக்கம் தானாக நிற்பதுதான் உடம்புச் சூடு ஆபத்தாக இறங்கிவிட்டதற்கான மோசமான அறிகுறி. ஈரத் துணியைக் கழற்றி, மார்பையும் தலையையும் ரஜாயால் (பஞ்சு மெத்தைப் போர்வையால்) போர்த்தி, அசைக்காமல் படுக்க வைத்து ஆம்புலன்ஸை அழைத்தோம். நான்காம் நாள் டிஸ்சார்ஜ் ஆனார்.