ஜூன் 25: நாலு வரிப் பலகையில் எதை எழுத, எதை விட?

பலகை டீச்சர் (ஜூன் 22, இரவு)

எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியில் உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் ஒரு கரும்பலகை இருக்கிறது. ‘வரலாற்றில் இன்று’ என்று மேலே பெயின்ட்டில் எழுதி, கீழே நாலு வரிக்கு இடம் விட்டிருக்கிறோம். நாலு வரிதான், ஐந்தாவது வரி எழுதினால் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டும் கீழ்ப் பகுதிக்குப் போய் பைகள் உரசி அழிந்துவிடும். பிரேயரில் ஒரு பிள்ளை அதை வாசிக்கும். மூன்று வருடமாக இது என் பொறுப்பு.

போன வருடம் ஒரு கூத்து நடந்தது. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பட்டியலை நம்பி ஜூன் 25 அன்று ‘கவிஞர் கண்ணதாசன் பிறந்தநாள்’ என்று எழுதிவிட்டேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பிரேயர் முடிந்ததும் நேராக என்னிடம் வந்து, “டீச்சர், அது நேத்து” என்றாள். ஆமாம், 24தான். கவிஞர் 1927, எம்.எஸ். விஸ்வநாதன் 1928, இருவருக்கும் அதே 24. ஜோடியாக நினைவில் வைத்திருக்க வேண்டியதை நான் கோட்டைவிட்டேன்.

அதனால் இந்த வருடம் முன்கூட்டியே கேட்கிறேன். 25ஆம் தேதிக்கு என்னிடம் இப்போது இருப்பவை: 1983 உலகக் கோப்பை, 1975 நெருக்கடி நிலை, வி.பி. சிங் பிறந்தநாள், மவுண்ட்பேட்டன் பிறந்தநாள், கொரியப் போர், மைக்கேல் ஜாக்சன் மறைவு. இதில் எந்த நாலு? நெருக்கடி நிலையைச் சிலர் 26 என்கிறார்கள், அது எப்படி? உடன் வேலை செய்யும் ஒருவர் “அரசியல் எதுக்கு டீச்சர், கிரிக்கெட்டோட நிறுத்துங்க” என்கிறார். உங்கள் கருத்து?

நைட்ஷிப்ட் (ஜூன் 22, இரவு)

டீச்சர் அம்மா, இது என் பேட்டை. நான் ஒரு தினசரியில் முப்பது வருடத்துக்கு மேல் புரூப் பார்த்தவன், பெரும்பாலும் இரவு வேலை. எந்த நாளேடு என்று கேட்காதீர்கள், கீழே சொல்லப்போகும் தப்புக்கு நான்தான் பொறுப்பு.

தேதிக் குழப்பத்தை முதலில் முடித்துவிடலாம். 1975 ஜூன் 25 புதன்கிழமை. சாயங்காலம் டெல்லி ராம்லீலா மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயணன் பேசுகிறார். குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது நெருக்கடி நிலை அறிவிப்பில் கையெழுத்துப் போட்டது அன்று நள்ளிரவுக்குச் சற்று முன். ஜே.பி.யைக் கைது செய்தது நள்ளிரவுக்குப் பின், அதாவது 26. மத்திய அமைச்சரவை கூடி ஒப்புதல் கொடுத்ததும் 26 காலை. பிரதமர் இந்திரா காந்தி வானொலியில் பேசியதும் 26 காலை. ஆக, காகிதத்தில் 25, காதில் விழுந்தது 26. இரண்டு பேர் சொல்வதும் சரிதான். பலகையில் ‘25 இரவு’ என்று எழுதிவிடுங்கள், ஒரு சொல்லில் தீர்ந்தது.

எனக்கு அன்றைக்கு இரவு வேலை, சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. செய்தி அடித்துத் தரும் டெலிபிரிண்டர் வழக்கம்போல் கடகடத்துக்கொண்டிருந்தது. நாங்கள் பக்கத்தை மூடிவிட்டு, விடியும் நேரத்தில் கையில் ஒட்டிய மையோடு வீட்டுக்குப் போய்ப் படுத்தோம். எழுந்து டீக்கடைக்கு வந்தால் ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். என் கையில் அன்றைய பேப்பர் இருக்கிறது, நானே எழுத்தெழுத்தாகப் படித்துத் திருத்திய பேப்பர். அதில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. டீ ஆற்றுபவர் என்னைப் பார்த்து, “உங்க பேப்பர்ல ஒண்ணுமே இல்லையே தம்பி” என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதே இரவில் டெல்லியில் பகதூர்ஷா ஜாபர் சாலைப் பத்திரிகை அலுவலகங்களுக்கு மின்சாரத்தையே நிறுத்தினார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அங்கே செய்தி இருந்தும் அச்சடிக்க முடியவில்லை. பிறகு தணிக்கை வந்தது, புரூப் பார்த்த பக்கத்தை இன்னொருவர் பார்க்கும் காலம். நெருக்கடி நிலை 1977 மார்ச் வரை போனது. இதை அரசியல் என்று ஒதுக்கச் சொல்பவரிடம், எட்டாம் வகுப்புப் பாடத்திலேயே அரசியலமைப்பு வருகிறதே என்று கேளுங்கள்.

இப்போது 1983. இது நீங்கள் கட்டாயம் எழுத வேண்டியது, ஆனால் தனியாக அல்ல. எல்லாரும் ‘லார்ட்ஸில் கபில்தேவ் கோப்பையைத் தூக்கினார்’ என்பதோடு நிறுத்துகிறார்கள். அதே லார்ட்ஸ் மைதானத்தில், அதே ஜூன் 25இல், 1932ஆம் ஆண்டு இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தைத் தொடங்கியது. சரியாக 51 வருடம். ஒரே தேதியில் நடந்த ஆயிரம் சங்கதிகளில் பெரும்பாலானவை ஒன்றை ஒன்று திரும்பியும் பார்க்காதவை. இவை இரண்டும் அப்படியல்ல, ஒரே புல்தரையில் நடந்தவை.

அந்த 1932 ஆட்டத்தை நான் பழைய பேப்பர் கட்டுகளில் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். சுற்றுப்பயணத்துக்குத் தலைவர் போர்பந்தர் மகாராஜா. ரன் வரவில்லை என்று அவரே ஒதுங்கிக்கொள்ள, டெஸ்டுக்குத் தலைமை தாங்கியவர் சி.கே. நாயுடு. எதிரே டக்ளஸ் ஜார்டின் தலைமையில் இங்கிலாந்து. அவர்களின் தொடக்க ஜோடி சட்கிளிஃபும் ஹோம்ஸும் பத்து நாள் முன்புதான் யார்க்‌ஷயருக்காக முதல் விக்கெட்டுக்கு 555 ரன் சேர்த்தவர்கள். ஐந்நூற்று ஐம்பத்தைந்து! அந்த இரண்டு பேரையும் முகமது நிசார் வந்த வேகத்தில் போல்டாக்கினார், 3 ரன், 6 ரன். அடுத்து வூலியை ரன் அவுட் செய்தவர் லால் சிங், மலேயாவில் பிறந்த சீக்கியர். 19 ரன்னுக்கு 3 விக்கெட். லார்ட்ஸ் கனவான்கள் டீக்கோப்பையைக் கீழே வைத்திருப்பார்கள். நிசாருக்கு மொத்தம் 5 விக்கெட். அப்புறம் ஜார்டின் நின்று 79 அடித்து மீட்டுவிட்டார், கடைசியில் இந்தியா 158 ரன் வித்தியாசத்தில் தோற்றது. பந்தைப் பிடிக்கப் போய்க் கையில் அடிபட்ட நாயுடு, அந்தக் கையோடு எடுத்த 40தான் முதல் இன்னிங்ஸில் நம் பக்கம் அதிகம். இரண்டாவது இன்னிங்ஸில் அமர்சிங் 51, இந்தியாவின் முதல் டெஸ்ட் அரைச்சதம்.

1983 இரவு என் தப்புக்கு வருகிறேன். தூரத்து ஊர்களுக்கு ரயிலில் போகும் முதல் பதிப்பு சீக்கிரமே மூடிவிடும். அதில் ‘இந்தியா 183 ரன்னுக்குச் சுருண்டது’ என்று இழவுச் செய்திபோல் ஒரு தலைப்பு. ஸ்ரீகாந்தின் 38தான் அந்த ஆட்டத்திலேயே ஒருவர் எடுத்த அதிகபட்ச ரன், அதைக்கூட ஒரு மூலையில்தான் போட்டிருந்தோம். பிறகு பல்வீந்தர் சாந்து போட்ட பந்தை ஆடாமல் விட்ட வெஸ்ட் இண்டீஸின் கிரீனிட்ஜுக்கு ஸ்டம்ப் போனது. ரிச்சர்ட்ஸ் 33இல் இருந்தபோது கபில் பின்னால் ஓடிப் பிடித்தார். டிரான்சிஸ்டரைச் சுற்றி எல்லாப் பகுதிக்காரர்களும் நிற்கிறார்கள், அச்சுக் கோக்கும் கம்போசிங் ஆட்கள் கையில் எழுத்தோடு நிற்கிறார்கள். மொகிந்தர் அமர்நாத் ஹோல்டிங்கை எல்.பி.டபிள்யூ. எடுத்தபோது இங்கே நள்ளிரவு நேரம். மெஷின் ஃபோர்மேன், “கத்தினது போதும், மேட்டர் குடுங்கய்யா” என்று கத்துகிறார். அவசரத்தில் வந்த கேலி புரூப்பில் (அச்சுக் கோத்ததும் திருத்துவதற்கு எடுக்கும் படி) ‘34 ரன் வித்தியாசத்தில் வெற்றி’ என்று இருந்தது. நான் டிக் போட்டு அனுப்பிவிட்டேன். 183இல் 140 போனால் 43. இரண்டாம் வகுப்புக் கணக்கு. நகரப் பதிப்பின் பாதி பிரதி 34 என்றே போனது. காலையில் ஆசிரியர் என்னைத் திட்டவில்லை, ஒரு காகிதத்தில் 183 - 140 என்று எழுதி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

வியாசை விங்கர் (ஜூன் 23, காலை)

கிரிக்கெட்காரர்கள் ஒரு நாள்கூட எங்களுக்கு விட மாட்டீர்களா? வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்தவன் சொல்கிறேன், ஜூன் 25 கால்பந்துக்குச் சொந்தமான நாள்.

1978 ஜூன் 25, பியூனஸ் அயர்ஸ். அர்ஜென்டினா முதல் முறை உலகக் கோப்பை வென்றது. நெதர்லாந்தோடு 1-1, கூடுதல் நேரத்தில் 3-1. கெம்பஸ் இரண்டு, பெர்தோனி ஒன்று. அந்த அணியில் மரடோனா இல்லை. பதினேழு வயதுப் பையன், அணித் தேர்வின் கடைசிச் சுற்றில் பயிற்சியாளர் மெனோட்டி கழற்றிவிட்டார்.

அப்படியே பதினாறு வருடம் தள்ளி 1994 ஜூன் 25க்கு வாருங்கள். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் ஃபாக்ஸ்பரோ. அர்ஜென்டினா 2, நைஜீரியா 1. இரண்டு கோலும் கனீஜியா, அதில் ஒன்று மரடோனா சட்டென்று எடுத்துக் கொடுத்த ஃப்ரீ கிக்கில் வந்தது. ஆட்டம் முடிந்ததும் வெள்ளை உடுப்பில் ஒரு நர்ஸ் மைதானத்துக்குள்ளேயே வந்து, மரடோனாவின் கையைப் பிடித்துச் சிரித்தபடி ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார். அவரும் சிரித்துக்கொண்டே ரசிகர்களுக்குக் கையசைத்துப் போனார். முடிவில் எபெட்ரின் என்ற தடை செய்யப்பட்ட மருந்து. அதுதான் அவர் ஆடிய கடைசி உலகக் கோப்பை ஆட்டம். தன் நாடு முதல் கோப்பையைத் தூக்கிய தேதியில் அவர் அணியில் இல்லை. அதே தேதியில் கடைசியாக ஆடி வெளியேறினார். கிரிக்கெட்டில் இப்படி ஒரு கதை இருந்தால் காட்டுங்கள்.

நடுவில் 1988 ஜூன் 25, மூனிக், ஐரோப்பியக் கோப்பை இறுதி. சோவியத் அணிக்கு எதிராக நெதர்லாந்தின் வான் பாஸ்டன் கிட்டத்தட்ட கோல் கோட்டோரத்துக் கோணத்தில் இருந்து, பந்து தரையில் படுமுன்பே அடித்த வாலி. அந்த இடத்திலிருந்து யாரும் கோலுக்கு அடிக்க மாட்டார்கள், கிராஸ் போடுவார்கள். நாங்கள் மைதானத்தில் அதைப்போல முயற்சி செய்து எத்தனை பந்தை ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் தொலைத்திருக்கிறோம் தெரியுமா!

சுவோன்வாசி (ஜூன் 23, மதியம்)

தென்கொரியாவில் வேலை பார்க்கிறேன். டீச்சர், கொரியப் போரைப் பட்டியலில் கடைசியாகப் போட்டுவிடாதீர்கள். இங்கே அந்தப் போருக்குப் பேச்சில் பெயரே ‘யுக்-இ-ஓ’தான். யுக் என்றால் ஆறு, இ என்றால் இரண்டு, ஓ என்றால் ஐந்து. ஆறாம் மாதம் 25. 1950இல் ஞாயிற்றுக்கிழமை அதிகாலை வடகொரியப் படை 38ஆவது இணைகோட்டைத் தாண்டியது. மூன்றே நாளில் சியோல் விழுந்தது. 1953 ஜூலை 27இல் போர்நிறுத்த ஒப்பந்தம் மட்டும்தான், சமாதான உடன்படிக்கை இன்றுவரை இல்லை.

என் வீட்டுக்காரப் பாட்டி வருடா வருடம் இந்த நாளில் சோற்றை உருண்டை பிடித்து உப்பு மட்டும் சேர்த்துச் சாப்பிடுவார். அகதியாக ஓடியபோது தின்றது அதுதானாம். எனக்கும் ஒன்று கொடுத்தார். பழையதுக்கு ஊறுகாய் தேடுகிற நாக்குக்கு அது தொண்டையில் இறங்கக் கொஞ்சம் நேரமானது.

நம் ஊர்த் தொடர்பு வேண்டுமானால், இந்தியா அங்கே அனுப்பியது போர்ப் படை அல்ல, 60ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவு. போர்க் கைதிகளைத் திருப்பி அனுப்பும் நடுநிலை நாடுகள் ஆணையத்துக்குத் தலைவராக இருந்தவர் ஜெனரல் திம்மையா.

கணக்குப்பிள்ளை (ஜூன் 23, இரவு)

ஒரு சின்னக் குறுக்கீடு. எந்தத் தேதியைத் தோண்டினாலும் இப்படிப் புதையல் கிடைக்கும், 25க்கு மட்டும் ராசி ஒன்றும் இல்லை. விளையாட்டு இத்தனை குவிவதற்குக் காரணம் எளிது. ஜூன் கடைசி இங்கிலாந்தில் நல்ல வெயில் காலம், டெஸ்ட் அப்போதுதான் வைப்பார்கள். ஐரோப்பியக் கால்பந்து லீக்குகள் மே மாதத்தில் முடியும், பெரிய கோப்பைகள் அதற்குப் பிறகு. காலண்டரைப் பாருங்கள்: 1932, 1983, 1988, 1994 நாலு வருடமும் ஜூன் 25 சனிக்கிழமை! பெரிய ஆட்டத்தை வார இறுதியில்தானே வைப்பார்கள்.

வி.பி. சிங் பற்றி யாரும் பேசவில்லை. 1931இல் பிறந்தவர், நெருக்கடி நிலை வந்த நாள் அவருக்கு 44ஆவது பிறந்தநாள், அப்போது இந்திரா காந்தி அரசில் துணை அமைச்சர். அதே மனிதர் 1989இல் காங்கிரஸை எதிர்த்துப் பிரதமரானார், 1990இல் பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீட்டுக்கான மண்டல் பரிந்துரையை அமலாக்குவதாக அறிவித்தார், காவிரி நடுவர் மன்றமும் அவர் ஆட்சியில்தான் வந்தது. சென்னை மாநிலக் கல்லூரி வளாகத்தில் சிலை இருக்கிறது. உங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் நாளைக்குக் கல்லூரியிலும் வேலையிலும் பயன்படுத்தப்போகும் இட ஒதுக்கீட்டுக்கு இவரிடம் ஒரு கிளை போகிறது. மவுண்ட்பேட்டனை விட்டுவிடுங்கள், அவர் ஆகஸ்டில் சுதந்திர தினத்தோடு எப்படியும் வருவார்.

பலகை டீச்சர் (ஜூன் 25, மாலை)

எல்லாருக்கும் நன்றி. இன்று எழுதியது இதுதான்:

1932 - லார்ட்ஸில் இந்தியாவின் முதல் டெஸ்ட் தொடக்கம். 1983 - அதே மைதானத்தில் உலகக் கோப்பை, 43 ரன் வெற்றி.
1950 - கொரியப் போர் தொடக்கம். கொரியர்கள் சொல்லும் பெயர் ‘ஆறு இரண்டு ஐந்து’.
1975 - 25 இரவு, நெருக்கடி நிலை அறிவிப்பு.
1931 - வி.பி. சிங் பிறந்தநாள்.

வியாசைத் தம்பி கோபிக்க வேண்டாம். மரடோனாவைப் பலகையில் ஏற்ற இடமில்லை, பி.இ.டி. சாரிடம் சொன்னேன். அவர் விளையாட்டுப் பீரியடில் நர்ஸ் கதையை நடித்தே காட்டிவிட்டார். போன வருடம் என்னைத் திருத்திய பிள்ளை இப்போது ஒன்பதாம் வகுப்பு. அவள்தான் இன்று வாசித்தாள். “25 இரவுன்னா டீச்சர், அன்னிக்கு ராத்திரி யாருக்குமே தெரியாதா?” என்று கேட்டாள். நைட்ஷிப்ட் ஐயாவின் டீக்கடையைச் சொன்னேன்.

நைட்ஷிப்ட் (ஜூன் 25, இரவு)

சந்தோஷம் அம்மா. 43 என்றுதானே எழுதினீர்கள்? இங்கே சரியாக இருக்கிறது, பலகையில்?

பலகை டீச்சர் (ஜூன் 25, இரவு)

பலகை ஓரத்தில் சின்னதாக 183 - 140 போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன் ஐயா. அதை அழிக்க மறந்துவிட்டேன், இன்னும் அங்கேதான் இருக்கிறது.