ஸ்கேன் செய்த கியரின் மெஷ் கோப்பைத் திட உருவமாக மாற்ற இயலவில்லை – உதவி தேவை

கேள்வி (குலசேகரம், லேத் பட்டறை):

வணக்கம். ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர் ஒன்றின் வார்ப்பிரும்புக் கியரில் அடுத்தடுத்து மூன்று பற்கள் உடைந்துவிட்டன. அதே அளவில் புதியது கிடைக்காததால், உடையாமல் இருக்கும் ஜோடிக் கியரை ஸ்கேன் செய்து எஸ்டிஎல் கோப்பாக (மேற்பரப்பை முக்கோணங்களாலான வலையாக, அதாவது மெஷ்ஷாக, வைத்திருக்கும் கோப்பு) வாங்கினேன். அதில் 1,86,000 முக்கோணங்கள் உள்ளன. ஃப்ரீகேட் என்ற வடிவமைப்பு மென்பொருளில் 'கிரியேட் ஷேப் ஃப்ரம் மெஷ்' கொடுத்தவுடன் கணினி நின்றுவிட்டது. முக்கோணங்களை 12,000 ஆகக் குறைத்த பின் ஏதோ ஓர் உருவம் வந்தது. ஆனால் 8 மி.மீ. கீவே (கியரை ஷாஃப்டோடு பூட்டும் சாவிக்கான பள்ளம்) வெட்டினால் உருவமே மறைந்துவிடுகிறது. உறைய வைத்த ரப்பர் பாலை மறுநாள் அடித்தாக வேண்டியிருப்பதால், தோட்டக்காரர் இப்போது அதைப் பக்கத்துத் தோட்டத்துக்குச் சுமந்து செல்கிறார். விரைவில் வழி சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் (மார்த்தாண்டம்):

உங்கள் மெஷ் மூடப்படாமல் இருக்கக்கூடும். ஷாஃப்ட் துளையின் உட்சுவரில் ஸ்கேனர் ஒளி சரியாக விழாது. அங்கே ஓட்டைகள் இருந்தால் கிடைப்பது வெறும் ஓடுதானே தவிர திட உருவம் அன்று. மெஷ் பிரிவில் உள்ள 'எவாலுயேட் அண்ட் ரிப்பேர்' மூலம் ஓட்டைகளையும், திசை மாறிய முக்கோணங்களையும், இரண்டுக்கு மேற்பட்ட முக்கோணங்கள் ஒரே விளிம்பைப் பகிரும் இடங்களையும் சரிசெய்த பிறகு, மீண்டும் ஷேப் ஆக்கி, 'கன்வர்ட் டு சாலிட்' கொடுத்து, 'செக் ஜியாமெட்ரி'யில் பிழை இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:

நன்றி. நீங்கள் சொன்னபடியே துளைக்குள் ஓட்டை இருந்தது. இப்போது கீவே வெட்ட முடிகிறது. ஆனால் 'ரிஃபைன் ஷேப்' கொடுத்தும் முகங்கள் குறையவில்லை, 30 மி.மீ. துளை ஓரிடத்தில் 29.8, மற்றோரிடத்தில் 30.3 காட்டுகிறது.

பதில் (நாகர்கோவில், பேட்டர்ன் வேலை):

தம்பி, இந்தக் கோப்பை வைத்துக் கியர் வெட்ட வேண்டாம். 'ரிஃபைன்' ஒரே தளத்தில் கிடக்கும் முகங்களைத்தான் இணைக்கும். ஸ்கேனில் ஒவ்வொரு முக்கோணமும் நூலளவு சாய்ந்திருப்பதால் இணைக்க எதுவும் இருக்காது. அதைவிட முக்கியமாக, ஸ்கேன் என்பது இன்றைய தேய்மானத்தின் படம். அதிலிருந்து வெட்டினால் பல ஆண்டுத் தேய்மானத்தோடு புதுக் கியர் பிறக்கும்.

மெஷ்ஷை அடியில் வைத்துக்கொண்டு புதிதாக வரையுங்கள். பற்களை எண்ணி, வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்து, பற்களின் எண்ணிக்கையோடு 2 கூட்டி, அதனால் வெளிவிட்டத்தை வகுத்தால் மாட்யூல் (பல்லின் பருமனைக் குறிக்கும் அளவு) கிடைக்கும். பல்லின் ஆழம் மாட்யூலைப் போல 2.25 மடங்கு இருக்கிறதா என்றும் பாருங்கள். ரோலர்களின் இடைவெளியை மாற்றுவதற்காகச் சில இயந்திரங்களில் பற்களை நீளமாக வைத்திருக்கலாம், அப்படியானால் வழக்கமான கணக்கு பொருந்தாது. 'பார்ட் டிசைன்' பிரிவிலேயே இன்வால்யூட் கியர் (பற்களின் பக்கங்கள் வளைகோடாக இருக்கும் வழக்கமான கியர்) வரையும் வசதி இருக்கிறது. அழுத்தக் கோணம் (பல்லின் பக்கச் சாய்வைத் தீர்மானிக்கும் கோணம்) 20 பாகையா, பழைய 14.5 பாகையா என்பதை, மெஷ்ஷின் குறுக்குவெட்டுக் கோட்டின்மேல் இரண்டையும் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி கேட்டவர்:

அண்ணாச்சி, 24 பற்கள், வெளிவிட்டம் 103.4. வகுத்தால் 3.98 வருகிறது, ஆகவே மாட்யூல் 4, புதுக் கியரின் விட்டம் 104 என்று எடுத்துக்கொண்டேன். தேய்மானம் குறைந்த பல்லில் ஆழம் ஏறக்குறைய 9 மி.மீ. இருந்தது. 20 பாகையில் வரைந்து, அசல் அளவில் காகிதத்தில் அச்சிட்டு வெட்டி, பழைய கியரின்மேல் வைத்துப் பார்த்தேன். பல்லின் அடிப்பகுதி எங்கும் பொருந்துகிறது. விசை தாங்கும் பக்கத்தில் மட்டும், காகிதம் இரும்பைத் தாண்டி நகக்கண் அளவு வெளியே நிற்கிறது. துளையை 30, கீவேயை 8 என்று நேரடியாக வரைந்து, ஸ்டெப் கோப்பாக (திட உருவத்தை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) இன்று வெட்டக் கொடுத்துவிட்டேன்.

பதில் (நாகர்கோவில், பேட்டர்ன் வேலை):

சரியாகச் செய்திருக்கிறீர்கள். தேய்ந்த ஜோடியோடு புதியதை ஓட்டினால் புதியதும் சீக்கிரம் தேயும். இயன்றால் இரண்டையும் சேர்த்தே வெட்டிவிடுங்கள்.