கலைச்சொல் உதவி: பூச்சில் மட்டும் ஓடும் விரிசலுக்கு என்ன பெயர்?

மெல்பேர்னிலிருந்து:

அன்புடையீர், வணக்கம். எங்கள் பகுதி நூலகத்தில் ஒரு சேகரிப்பாளர் தம்மிடமுள்ள பழைய ஆஸ்திரேலிய மட்கலங்களைக் காட்சிக்கு வைக்கிறார். விவர அட்டைகளைத் தமிழில் எழுதித் தருவது என் பொறுப்பு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். கலத்தின் கண்ணாடிப் பூச்சில் மட்டும் ஓடும் விரிசலைக் குறிக்கும் 'கிரேசிங்' என்ற ஒரே சொல்லில் நிற்கிறேன்.

என் முன்னால் இருப்பது இந்நகரின் பிரெஸ்டன் பகுதியில் இருந்த பிரீமியர் மட்கலப் பட்டறையின் 'ரெமியூட்' என்ற பெயர் கொண்ட ஜாடி. பச்சையும் பழுப்பும் ஒன்றன்மேல் ஒன்று வழிந்து உறைந்திருக்கின்றன. கைப்பிடி ஒரு யூகலிப்டஸ் கிளை. இலையும் காய்களும் அதில் ஒட்டியிருக்கின்றன. அடியில் பெயரையும் வடிவ எண்ணையும் ஈர மண்ணில் கையால் கீறியிருக்கிறார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பூச்சு முழுவதும் மயிரிழைக் கோடுகள் வலைபோல் ஓடுகின்றன. மண்வரை இறங்கிய விரிசல் என்றால் விலை விழுந்துவிடும். இதையோ வயதின் அடையாளமாக ஏற்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே சொல் போட முடியாது. 'கீறல்' எனலாமா?

மதுரையிலிருந்து:

கீறல் வேண்டவே வேண்டாம், அம்மா. கீழடி, கொடுமணல் ஓடுகளில் உள்ளவற்றைத் தொல்லியலார் கீறல் குறியீடு என்கிறார்கள். உங்கள் ஜாடியின் அடியில் இருக்கும் பெயர்தான் கீறல். 'மெருகு விரிசல்' என்று போடுங்கள், பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

புதுச்சேரியிலிருந்து:

சக்கரத்தில் உட்காருபவன் என்ற முறையில் சொல்கிறேன். மெருகு என்பது பாதி காய்ந்த கலத்தைக் கூழாங்கல்லால் தேய்த்துப் பெறும் பளபளப்பு. நம் பழைய கருப்பு சிவப்புக் கலங்களில் இருப்பது அது. இது உருகிய கண்ணாடி. சூளை ஆறும்போது கண்ணாடி மண்ணைவிட அதிகம் சுருங்கப் பார்க்கும், மண் இடங்கொடுக்காது, இழுப்புத் தாங்காமல் பூச்சு இழை இழையாக விட்டுவிடும். பல ஆண்டு கழித்து, மண் ஈரம் குடித்து உப்பினாலும் இதே கதைதான். ஆகவே 'பூச்சுவிரிசல்'.

கோவையிலிருந்து:

பூச்சு என்றால் சுவருக்கு அடிப்பதும் பூச்சுதான். நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: திரை. தோலில் விழுவது திரை. நரை, திரை, மூப்பு என்கிறோம். கடலில் எழுவதும் திரை. பால் திரைகிறது. திரங்குதல் என்றால் சுருங்குதல். புதுச்சேரி ஐயா சொன்ன சுருக்கமும் சேகரிப்பாளர் மதிக்கும் வயதும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. 'கலத்திரை' என்று துணிந்து எழுதுங்கள். 'கலஞ்செய் கோவே' என்று குயவரை விளித்த புறநானூறு நம்முடையது. இரவல் வாங்கத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து:

திரை என்றால் நூலகத்துக்கு வரும் பிள்ளை சினிமாத் திரையைத்தான் நினைக்கும். அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. திரை விழும் தோல் மிஞ்சிப்போய் மடிகிறது. இங்கே பூச்சு போதாமல் பிளக்கிறது. இரண்டும் நேர் எதிர். வற்றிய குளத்து மண் பாளம் பாளமாக விடுவதைப் பாருங்கள், அதுதான் இது. நாங்கள் அதை வெடிப்பு என்போம்.

மதுரையிலிருந்து:

இங்கே வெடிப்பு என்றால் பட்டாசும் குண்டும் நினைவுக்கு வரும். மெருகை விட்டுக்கொடுக்கிறேன், பூச்சுவிரிசலே இருக்கட்டும். இன்னொன்று: அட்டைகளில் 'வனைந்தது' என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். பிரிஸ்பேனில் மட்கல ஆசிரியர் எல். ஜே. ஹார்வியிடம் பயின்றவர்கள் சக்கரமில்லாமல், மண்ணைத் திரியாகவும் தகடாகவும் அடுக்கிக் கட்டிச் செதுக்கினார்கள்.

புதுச்சேரியிலிருந்து:

வனைதலுக்கு உருவாக்குதல், அழகுசெய்தல் என்ற பொருளும் உண்டே! ஆனால் பட்டறையில் வனைதல் என்றால் சக்கரம்தான். ஹார்வி கலங்களுக்குக் 'கையால் கட்டியது' என்றே எழுதுங்கள்.

மெல்பேர்னிலிருந்து:

அப்படியே மாற்றிவிட்டேன். இந்நகரின் குயவர் மெரிக் பாய்டின் கலங்கள் மூன்றும் இன்று வந்து சேர்ந்தன. 1926இல் அவருடைய மரம்பீனா பட்டறை எரிந்துபோனது என்பதால், தேதி கீறிய இந்த அடிகளைத் தொடவே கை கூசுகிறது. மதுரையும் புதுச்சேரியும் ஒத்துக்கொண்டதால் 'பூச்சுவிரிசல்' என்று அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். பக்கத்தில் 'கிரேசிங்' என்றும் இருக்கும். அனைவருக்கும் நன்றி.

கோவையிலிருந்து:

அச்சாகிவிட்டது, சரி. ஆனாலும் யாழ்ப்பாணத்து ஐயாவுக்கு ஒரு பதில் பாக்கி. திரங்குதல் வெறும் மடிப்பு அன்று, வறண்டு உலர்தலும் அதுவே. உங்கள் குளத்து மண்ணும் திரங்கித்தான் பிளக்கிறது. அகராதியைப் பாருங்கள்.