ரிசப்ஷன் அக்கா சீட்டில் இல்லாதபோது வரும் போனை என்ன செய்வது? (கிருஷ்ணகிரி, மாங்கூழ் ஆபீஸ்)

கணக்குப்பிள்ளை_கிருஷ்ணகிரி

வணக்கம். கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். சேர்ந்து 8 மாதம்தான் ஆகிறது, எனக்கு இது முதல் சீசன். ரிசப்ஷனில் ஒரு அக்கா இருக்கிறார். சீசன் இல்லாத நாளில் போன் அடிப்பதே அபூர்வம், ஆனால் கூழுக்கான பெங்களூரா ரக மாங்காய் லோடு வர ஆரம்பித்ததும் காலை 7 மணியிலிருந்தே "இன்னைக்கு டோக்கன் உண்டா, ரேட் என்ன, எத்தனை வண்டி நிக்குது" என்று மூச்சு விடாமல் அடிக்கிறது. அக்கா சாப்பிடவோ, பாத்ரூமுக்கோ, எடைமேடைக்குச் சீட்டு கொடுக்கவோ எழுந்தால் போதும், பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு நான்தான் ஓடிப்போய் எடுக்கிறேன்.

போன வாரம் சாந்தூரிலிருந்து ஒருவர் ரேட் கேட்டார். போர்டில் இருந்ததைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அது முந்தின நாள் ரேட், யாரும் அழிக்கவில்லை. அவர் ஈச்சர் லாரியில் 6 டன் ஏற்றிக்கொண்டு வந்து பார்த்தால் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைந்திருந்தது. 6,000 ரூபாய். கேட்டில் நின்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் மேனேஜர், "நான் பார்த்துக்கிறேன்" என்று எல்லா அழைப்பையும் தன் மொபைலுக்கு ஃபார்வர்ட் போட்டார். அக்கா சாப்பிட்டு வந்த பிறகும் அதை யாரும் எடுத்துவிடவில்லை. மதியம் முழுக்க ரிசப்ஷன் போன் சத்தமே இல்லை, இன்றைக்கு அமைதியாக இருக்கிறதே என்று நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவர் மொபைல் சார்ஜ் இறங்கி எப்போதோ ஆஃப் ஆகியிருந்தது.

எங்களிடம் லேண்ட்லைன் 2, ஒரு சின்ன இன்டர்காம் பெட்டி, அதிலிருந்து மேஜைகளுக்குப் போகும் எக்ஸ்டென்ஷன் போன் 8. வெளியிலிருந்து வரும் அழைப்பு அக்கா மேஜையில் மட்டும்தான் அடிக்கும். இன்னொன்று, வேப்பனப்பள்ளி பக்கத்து விவசாயிகள் பலர் தெலுங்கில்தான் பேசுகிறார்கள். அக்காவுக்கு வரும், எனக்கு "பாகுன்னாரா" (நல்லா இருக்கீங்களா) என்பதோடு சரி. இதை எப்படிச் சமாளிப்பது?

பாரூர்_தோப்புக்காரன்

தம்பி, நான் அந்தப் பக்கத்திலிருந்து உங்களுக்குப் போன் செய்கிற ஆள். யாரும் எடுக்கவில்லை என்றால் கேட்டில் நிற்கிற வாட்ச்மேனைக் கூப்பிடுவேன், இல்லையென்றால் முன்னால் போன வண்டி டிரைவரைக் கேட்பேன், ஏதோ ஒரு வழி கிடைக்கும். ஆனால் ஆபீஸிலிருந்து ஒரு ரேட் சொல்லிவிட்டால் அதை நம்பித்தான் கூலி ஆளை மரத்தில் ஏற்றுகிறேன். பறித்த காயைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. உனக்குத் தெரியாது என்றால் தெரியாது என்று சொல், கோபித்துக்கொள்ள மாட்டேன். பத்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன் என்று சொன்னால் கூப்பிடு. அதுதான் எந்த ஆபீஸிலும் நடப்பதில்லை.

இன்டர்காம்_மெக்கானிக்

முதலில் அந்த முழு ஃபார்வர்டைத் தலைமுழுகுங்கள். எல்லா அழைப்பையும் திருப்பிவிடுவது ஒரு வகை, இங்கே யாரும் எடுக்காவிட்டால் மட்டும் திருப்புவது இன்னொரு வகை. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அக்கா இருந்தால் அக்கா எடுப்பார், இல்லையென்றால் தானாகவே அடுத்த இடத்துக்குப் போகும், போடவும் எடுக்கவும் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் உங்களிடம் பெட்டியே இருக்கும்போது மொபைல் எதற்கு? வெளி அழைப்பு அக்கா மேஜையில் நாலைந்து முறை அடித்து எடுக்காவிட்டால் உங்கள் எக்ஸ்டென்ஷனிலும் அடிக்கும்படி அந்தப் பெட்டியில் புரோகிராம் செய்யலாம். நம் ஊர் ரிங் ஒன்றுக்கு 3 நொடி, ஆக 5 ரிங் என்றால் 15 நொடி. லேண்ட்லைனில் யாரும் எடுக்காவிட்டால் 60 நொடி வரை அடிக்கும், மொபைலில் 30 நொடிதான். 2019-ல் ட்ராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) வைத்த கணக்கு அது. அதனால் 15 நொடியில் உங்களிடம் வந்தால் ஓடாமல் எடுக்கத் தாராளமாக நேரம் இருக்கிறது.

அது வரை கால் பிக்கப் என்று ஒன்று உண்டு. எங்கோ அடிக்கிற போனை உங்கள் மேஜையிலிருந்தே ஒரு எண்ணை அழுத்தி இழுத்துக்கொள்ளலாம். எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பெட்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். புத்தகம் தொலைந்திருக்கும், எனக்குத் தெரியும். மாட்டிக்கொடுத்தவரைக் கேளுங்கள்.

சும்மா_ஒரு_கேள்வி

அந்த அம்மா ஏன் சீட்டை விட்டு எழுந்துகொண்டே இருக்கிறார்? அதைச் சரி செய்தால் போதாதா?

ரிசப்ஷன்_11_வருசம்_தருமபுரி

மேலே கேட்டவருக்கு: காலை 7 மணிக்கு உட்கார்ந்தால் மதியம் வரை எழுந்திருக்காமல் நீங்கள் ஒரு நாள் இருந்து காட்டுங்கள். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போகவேண்டி வருமே என்று தண்ணீரே குடிக்காமல் இருந்து யூரினரி இன்ஃபெக்‌ஷன் வந்து ஊசி போட்டுக்கொண்டவள் நான். அத்தோடு, இவர் சொல்வதைப் பாருங்கள், எடைமேடைக்குச் சீட்டு கொடுக்கவும் அந்த அக்காதான் போகிறார். அது ரிசப்ஷன் வேலையா?

தம்பிக்கு. எழுந்து போகும்போது யாரிடம் சொல்லிவிட்டுப் போவது என்பது அக்காவுக்குத் தெரிந்திருக்க வேண்டும், கையில் கிடைத்தவரிடம் கத்திவிட்டு ஓடக்கூடாது. எங்கள் இடத்தில் நான் எழுந்தால் பில்லிங் பெண், அவள் இல்லையென்றால் ஸ்டோர் பையன், இந்த வரிசை மாறாது. திரும்பி வந்ததும் முதல் வேலை அவளிடம் போய் "ஏதாவது வந்ததா" என்று கேட்பது.

ஒரு கார்பன் வைத்த பில் புக் வாங்கிப் போன் பக்கத்தில் வையுங்கள், நூலில் பேனாவைக் கட்டிவிடுங்கள் (கட்டாவிட்டால் பேனா இருக்காது). யார், எந்த ஊர், நம்பர், என்ன விஷயம், மணி எத்தனை, எடுத்தது யார். மேல் தாளைக் கிழித்து அக்கா மேஜையில், கார்பன் புத்தகத்திலேயே. "சொன்னேனே", "சொல்லவே இல்லையே" சண்டை அன்றோடு நின்றுவிடும். நம்பரைத் திருப்பிப் படித்துக் காட்டுங்கள். ஊர் பெயரைக் கேட்காமல் விடாதீர்கள், முருகன் என்று மட்டும் எழுதி வைத்தால் இந்த இரண்டு மாவட்டத்தில் எந்த முருகனைத் தேடுவது?

மிக முக்கியம். "அவங்க எங்கே" என்று கேட்டால் சீட்டில் இல்லை, அவ்வளவுதான் பதில். பாத்ரூம், பேங்க், குழந்தையை ஸ்கூலிலிருந்து கூட்டிவரப் போயிருக்கிறார் என்று வீட்டுக் கதையெல்லாம் வேண்டாம். அவருடைய சொந்த நம்பரை யாருக்கும் கொடுக்காதீர்கள். என் நம்பரை ஒரு பையன் நல்ல மனசோடு ஒருவருக்குக் கொடுத்தான், அதன் பிறகு இரவு 10 மணிக்கு யார் யாரோ கூப்பிட்டார்கள், கடைசியில் சிம்மையே மாற்றினேன்.

கணக்குப்பிள்ளை_கிருஷ்ணகிரி

அக்கா, நம்பர் விஷயம் சுருக்கென்றது. நானே இரண்டு பேருக்குக் கொடுத்திருக்கிறேன். இன்றைக்கே சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன். மெக்கானிக் அண்ணா, புத்தகம் தொலைந்துதான் போயிருக்கிறது. லேண்ட்லைனை ஃபைபருக்கு மாற்றலாம் என்றும் மேனேஜர் யோசிக்கிறார், மாற்றினால் இதெல்லாம் வேலை செய்யுமா?

இன்டர்காம்_மெக்கானிக்

செய்யும், ஆனால் கரண்ட்டைப் பாருங்கள். பழைய செம்புக் கம்பி லைனுக்கு எக்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வருகிறது, இங்கே கரண்ட் போனாலும் நேராக மாட்டிய போன் பேசும். ஃபைபரில் உங்கள் ஆபீஸில் இருக்கிற மோடத்துக்குக் கரண்ட் வேண்டும், அது அணைந்தால் போனும் செத்தது. மோடத்தையும் இன்டர்காம் பெட்டியையும் யுபிஎஸ்ஸில் மாட்டிவிடுங்கள். கம்ப்யூட்டருக்கு மட்டும் யுபிஎஸ் கொடுத்துவிட்டு இவற்றைச் சுவர் பிளக்கில் விடுகிற ஆபீஸ்களைத்தான் தினமும் பார்க்கிறேன்.

ஓசூர்_ஐடி_ஆள்

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ரிசப்ஷனில் ஆபீஸ் மொபைலும் இருந்தால் கவனம். "கம்பெனியிலிருந்து பேசுகிறோம், லைன் சரிபார்க்க நட்சத்திரம் 401 போட்டு இந்த நம்பரை அழுத்துங்கள்" என்று ஒருவன் கூப்பிடுவான். அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் அவனுக்குப் போகும், போனில் குரலாக வரும் ஓடிபி உட்பட. இந்த மோசடிக்காகவே 2024 ஏப்ரல் 15 முதல் அந்த 401 வசதியை நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. இருந்தாலும் வேறு கோடு சொல்லி ஏமாற்றப் பார்ப்பார்கள். நிரந்தர ஆள் சந்தேகப்படுவார், பத்து நிமிடத்துக்கு வந்து உட்கார்ந்தவர்தான் மாட்டுவார். முழு ஃபார்வர்ட் விழுந்திருக்கிறதா என்று பார்க்க *#21#, எல்லா வகை ஃபார்வர்டையும் நீக்க ##002#.

கணக்குப்பிள்ளை_கிருஷ்ணகிரி

12 நாள் கழித்து வருகிறேன், வேலை நெரித்துவிட்டது.

பெட்டியை மாட்டியவரைப் பிடித்தோம், அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். இப்போது 5 ரிங்குக்குப் பிறகு என் மேஜையிலும் ஸ்டோரிலும் அடிக்கிறது. ரேட் போர்டில் மேனேஜர் தேதியும் மணியும் எழுதி கையெழுத்துப் போட்டால்தான் சொல்வோம், இல்லையென்றால் நம்பர் வாங்கிக்கொண்டு திரும்பக் கூப்பிடுகிறோம். முதல் மூன்று நாள் கூப்பிட மறந்தேன், கார்பன் புத்தகத்தில் என் பெயரே இருந்ததால் தப்பிக்க முடியவில்லை. எடைமேடைச் சீட்டை வாட்ச்மேன் வந்து வாங்கிக்கொள்கிறார். அக்கா ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கி மேஜையில் வைத்திருக்கிறார், தருமபுரி அக்கா எழுதியதைப் படித்துக் காட்டினேன்.

தெலுங்குதான் இன்னும் தகராறு. அக்கா ஒரு அட்டையில் தமிழ் எழுத்தில் எழுதிப் போன் மேல் ஒட்டிக்கொடுத்தார்: "ஆமெ சீட்லோ லேரு, பதி நிமிஷால்லோ ஃபோன் சேஸ்தாரு. மீ பேரு, ஊரு செப்பண்டி." (அவங்க சீட்டில் இல்லை, பத்து நிமிடத்தில் போன் செய்வாங்க, உங்க பேர், ஊர் சொல்லுங்க.) நேற்று அதை நன்றாகவே படித்துவிட்டேன் போலிருக்கிறது. எனக்குத் தெலுங்கு தெரியும் என்று நினைத்து அந்தப் பெரியவர் ஐந்து நிமிடம் விடாமல் பேசினார். தாளில் "வேப்பனப்பள்ளி, பெரியவர், கோபமாக இருக்கலாம்" என்று எழுதி அக்காவிடம் கொடுத்தேன். அக்கா திரும்பக் கூப்பிட்டுப் பேசிவிட்டுச் சிரிக்கிறார், கோபமெல்லாம் இல்லையாம், பேரன் கல்யாணத்துக்கு ஆபீஸையே அழைத்திருக்கிறார்.