தரங்கம்பாடிக்கு ஒரு கோடை விழா: வேண்டுமா, வேண்டாமா?

மாயவரம் மருமகள்:
ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுத்துத்தான் போகிறோம். உயர் நீதிமன்றமே தலையிடும் அளவுக்கு மலைமேல் வண்டி நெரிசல். இருந்தும் கோடை விழா என்றால் அரசுக்கு மலைதான் ஞாபகம் வருகிறது. கடற்கரைக்காரர்கள் என்ன பாவம் செய்தோம்? தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது, முன்னால் திடல் இருக்கிறது. மே மாதத்தில் பத்து நாள் மேடை போட்டு, கரகம், தப்பாட்டம், சாப்பாட்டுக் கடைகள் என்று ஒரு விழா எடுத்தால் மாவட்டத்துக்கே நாலு காசு வரும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

பொறையாத்தான்:
ஊருக்குத்தான் நஷ்டம் அக்கா. 1792இல் கட்டிய நகர வாயிலில் நுழைந்தால் கோட்டை வரைக்கும் கிங் ஸ்ட்ரீட் ஒன்றுதான். 1701ஆம் ஆண்டு சீயோன் ஆலயமும், 1718ஆம் ஆண்டு புதிய எருசலேம் ஆலயமும் அந்தத் தெருவில்தான். அங்கே இரண்டு டூரிஸ்ட் பஸ் எதிரெதிரே வந்தாலே முடிந்தது கதை. ஊட்டி நெரிசலைக் காரணம் காட்டிவிட்டு அதே நெரிசலை இங்கே கேட்கிறீர்களே! மாயவரத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்த ரயிலையும் 1980களில் நிறுத்திவிட்டார்கள். வருகிற அத்தனை பேரும் ரோட்டில்தான் வரவேண்டும்.

வெயிலான்:
நான் வெளியூர்க்காரன். எனக்கு நெரிசலைவிட வெயில்தான் பிரச்சினை. அக்னி நட்சத்திரத்தில் பிள்ளைகளோடு அங்கே போனோம். மதியம் பன்னிரண்டு மணிக்குக் கோட்டை முற்றத்தில் நின்றால் தரை கொதிக்கிறது, சின்னவள் செருப்போடும் நிற்கமாட்டேன் என்று இடுப்பில் ஏறிக்கொண்டாள். கீழ்த்தளத்து அறைகளுக்குள் இறங்கிய பிறகுதான் மூச்சு வந்தது. அந்தக் காலத்தில் சரக்கு வைத்த இடமாம். சுவர் அத்தனை தடிமன், உள்ளே வெயிலே தெரியவில்லை. வெளியே வந்ததும் மறுபடி அடுப்படி. இதில் பகல் முழுக்க விழா என்றால் பாதிப் பேர் மயங்கி விழுவார்கள். ஜனவரியில் நடத்துங்கள், நான் முதல் ஆளாக வருகிறேன்.

மாயவரம் மருமகள்:
பகலில் நடத்தச் சொல்லி யார் கேட்டது? உச்சி வெயிலில் போய் நின்றுவிட்டு ஊரைக் குறை சொன்னால் எப்படி? கரை சூடேறியதும் கடல்காற்று உள்ளே வரத் தொடங்கும். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் கோட்டை மதிலில் உட்கார்ந்து பாருங்கள். அதே நேரத்தில் திருச்சியில் இருப்பவர்கள் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார்கள். காலை ஒன்பது மணிக்குள் ஒரு சுற்று, மாலை நான்கு மணிக்கு மேல் மேடை. அதற்கும் மேல் அது ஓசோன் காற்று வீசும் கடற்கரை என்றும் பெயர் வாங்கியிருக்கிறது.

பொறையாத்தான்:
அந்த ஓசோன் கதையை விட்டுவிடுங்கள் அக்கா, புண்ணியமாகப் போகும். தரைமட்டத்தில் ஓசோன் கூடினால் அது நுரையீரலுக்குக் கேடு. இங்கே முகத்தில் படுவது நல்ல கடல்காற்று, அது போதாதா? அப்புறம் ஜனவரிக்காரருக்கு ஒரு வார்த்தை: கொடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு நீங்கள் சொல்வது சரி, பூநாரை வருவது பனிக்காலத்தில்தான். ஆனால் கோடையில் மட்டும் பார்க்கக் கிடைப்பதும் இந்தக் கரையில் இருக்கிறது. வேதாரண்யம் உப்பளம் முழுவீச்சில் இயங்குவது இப்போதுதான். 1930 ஏப்ரல் 13இல் திருச்சியில் கிளம்பிய ராஜாஜியும் தொண்டர்களும் அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளியது ஏப்ரல் 30. அந்த வெயிலில் பாத்தியில் பலகையால் உப்பை வாரிக் கரையில் குவிப்பவர்களை நேரில் பார்த்தால்தான் அந்த நடையின் பாடு புரியும். வெள்ளையாகக் கண்ணைக் கூசும், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். ஆட்கள் விடிவதற்கு முன்பே இறங்கிவிடுவார்கள்.

வலைக்காரன்:
எங்களை யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில். நாட்டுப்படகு மட்டும் பக்கத்தில் போய் வரும், மீன் விலை ஏறிக் கிடக்கும். அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணம் ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் வரும்? வலை பின்னுவதும் படகுக்குப் பெயின்ட் அடிப்பதும் தவிர வேறு வருமானம் இல்லாத மாதங்கள் இவை. அந்த நேரத்தில் விழா வைத்தால் எங்கள் பெண்கள் கருவாடும் இறால் வடையும் போட்டு விற்பார்கள். அதனால் நான் அக்கா கட்சி. ஒரு நிபந்தனை உண்டு: கடையை ஏலம் விட்டு வெளியூர் கான்ட்ராக்டர் கையில் கொடுத்தால் நானே மறியலுக்கு வருவேன்.

பொறையாத்தான்:
அண்ணே, கான்ட்ராக்டர் இல்லாத அரசு விழாவை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்? ஸ்பீக்கர், சீரியல் லைட், நாலு ராட்டினம், போகும்போது கரை முழுக்க பிளாஸ்டிக். மாசிலாமணிநாதர் கோயிலைப் பாருங்கள். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. பாறாங்கல் கொட்டி மிச்சத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் வைத்து அதிர விடுவதா? 2004 சுனாமிக்குப் பிறகு எத்தனை பேர் உழைத்துப் பழைய வீடுகளைச் சீர்செய்தார்கள் என்பதை ஊரில் கேளுங்கள்.

காரைக்கால் பக்கம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இல்லாத விழாவுக்கு இத்தனை சண்டை போடுகிறீர்கள், பதினைந்து கிலோமீட்டரில் இருக்கும் விழாவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆனிப் பௌர்ணமிக்கு எங்கள் ஊர் மாங்கனித் திருவிழா. புனிதவதியார் பரமதத்தனுக்குக் கொடுத்த மாங்கனியின் கதை எல்லாருக்கும் தெரியும். அந்தக் கதையைத் தெருவில் நடத்திக் காட்டுவதுதான் விழா. மாப்பிள்ளை அழைப்பு, அம்மையார் திருக்கல்யாணம், அப்புறம் பவளக்கால் விமானத்தில் பிச்சாண்டவர் வீதியுலா. சாமி வாசலுக்கு வந்ததும் மாடியிலிருந்தும் வாசலிலிருந்தும் மாம்பழத்தை இறைப்பார்கள். கீழே பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் மடியை விரித்துக்கொண்டு நிற்பார்கள். பழம் தோளில் விழுந்து நசுங்கும், சட்டை முழுக்க மாம்பழ வாசனை, ஒருவர் முகமும் சுளிக்காது. எந்தச் சுற்றுலாத் துறையும் இதற்கு மேடை போடவில்லை. அன்றைக்குக் காரைக்காலில் இறங்கிப் பழத்தைப் பிடித்துவிட்டு மறுநாள் காலை டேனிஷ் கோட்டைக்கு வாருங்கள். ஜூலை 9 பக்கத்தில் வந்தால் இன்னும் நல்லது. 1706இல் சீகன்பால்க் தரங்கம்பாடியில் கரையிறங்கிய நாள் அது, தேவாலயத்தில் நினைவுகூருவார்கள். தமிழில் புதிய ஏற்பாட்டை அந்த ஊரிலேயே அச்சடித்த மனிதர், அவர் கட்டிய அந்த எருசலேம் ஆலயத்துக்குள்தான் அடக்கமாகியிருக்கிறார்.

மாயவரம் மருமகள்:
நீங்கள் சொல்வது எனக்கு எதிராக இல்லையே. ஊர் மக்கள் விழா எடுத்தால் கூட்டம் வரும், ஊர் தாங்கும் என்றுதானே காட்டுகிறீர்கள்? கடற்கரையில் கோடையில் விழா எடுப்பதும் நமக்குப் புதிதில்லை. பக்கத்துப் பூம்புகாரில் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டித்தான் அந்தக் காலத்தில் இந்திர விழா. 28 நாள் நடக்கும் என்கிறது மணிமேகலை. நான் கேட்பது பத்தே நாள்.

பொறையாத்தான்:
பூம்புகாரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். 1973இல் எழுப்பிய சிலப்பதிகாரக் கலைக்கூடம் இருக்கிறது, சுற்றிலும் காலி இடம் இருக்கிறது. சித்ரா பௌர்ணமியோடு சேர்த்து எடுங்கள், நானே வந்து நாற்காலி போடுகிறேன். தரங்கம்பாடிக்கு வருகிறவர்கள் பூம்புகாரிலிருந்து காலையில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பட்டும்.

வலைக்காரன்:
பூம்புகார் என்றாலும் சரி, அங்கேயும் எங்கள் ஆட்கள்தான். கடை விஷயம் மட்டும் மறக்கக் கூடாது.

வெயிலான்:
அப்படியே நாகூர் கந்தூரி, வேளாங்கண்ணி எல்லாம் ஒரே பயணத்தில் சேருமா?

காரைக்கால் பக்கம்:
சேராது. கந்தூரி ஹிஜ்ரி கணக்கில் வருவது, ஆண்டுக்குப் பதினோரு நாள் போல முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும். கோடைக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆகும். வேளாங்கண்ணிப் பெருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. தர்காவையும் பேராலயத்தையும் சும்மா பார்ப்பதென்றால் எப்போது வேண்டுமானாலும் போகலாம். மாங்கனிக்கு மட்டும் பஞ்சாங்கம் பார்த்துவிட்டு ரூம் போடுங்கள்.

மாயவரம் மருமகள்:
எல்லாம் சரி, ஆனிப் பௌர்ணமிக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிடுமே? மே மாதத்தில்தானே பிள்ளைகளுக்கு லீவு. நான் மே மாதத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவது அதனால்தான்.

காரைக்கால் பக்கம்:
எங்களுக்கு அன்று உள்ளூர் விடுமுறை. உங்கள் பக்கம் கிடையாது என்றால் ஒரு நாள் லீவு போடுங்கள் அக்கா, காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தால் ஆயிற்று.