லேபில் 178, வீட்டு மீட்டரில் 212: எதை நம்புவது?

செவ்வந்தி (கேள்வி):
அம்மாவுக்கு வயது 61. ரத்தச் சர்க்கரை லேபில் வெறும் வயிற்றில் 118, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 178. கையோடு கொண்டுபோன குளுக்கோமீட்டரில் அதே நேரங்களில் 126, 212. உடனே வேறு விரலில் குத்தினால் 198. மீட்டர் கெட்டுவிட்டதா? மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று எதை வைத்து முடிவு செய்வது? மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப் டப்பா அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் இருக்கிறது. குத்தியதும் ரத்தம் வராமல் அழுத்திப் பிதுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

வைகைக்கரை:
மீட்டர் கெட்டது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. குளுக்கோமீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 15197 தரப்படி, லேப் அளவு 100-க்கு மேல் இருந்தால் 15 சதவீதம் வரை, 100-க்குக் கீழே என்றால் 15 புள்ளி வரை வித்தியாசம் இருக்கலாம். 118-க்கு 126 தாராளமாக அதற்குள் அடங்கும்.

சாப்பிட்ட பிறகு கதை வேறு. லேபில் எடுப்பது நரம்பு (சிரை) ரத்தம். விரலில் வருவது நுண்குழாய் ரத்தம். உண்ட சர்க்கரையைத் தசைகள் உறிஞ்சிக்கொண்ட பிறகுதான் ரத்தம் நரம்புக்குப் போகிறது. அதனால் சாப்பாட்டுக்குப் பின் விரல் ரத்தத்தில் 20, 30 புள்ளி கூடுதலாக வருவது இயல்பு. மீட்டரைச் சோதிக்க வெறும் வயிற்று அளவை மட்டும் ஒப்பிடுங்கள். லேபில் ரத்தம் எடுத்த பத்து நிமிடத்துக்குள், விரலில் புதிதாகக் குத்தி எடுங்கள்.

லேப் பக்கமும் கவனியுங்கள். ஃபுளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாயில் எடுக்காமல், ரத்த அணுக்களைப் பிரிக்காமலும் வைத்திருந்தால், அந்த அணுக்களே சர்க்கரையைத் தின்று, மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை அளவு இறங்கும்.

ரத்தத்துளி:
முதலில் டப்பாவை அடுப்பு பக்கத்திலிருந்து எடுங்கள். ஸ்ட்ரிப்பில் இருப்பது என்சைம். சூடும் ஈரமும் அதைக் கெடுத்துவிடும். பெரும்பாலான டப்பாக்களில் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருக்கும். ஃபிரிட்ஜிலும் வேண்டாம். ஒன்றை எடுத்ததும் மூடியை அழுத்தி மூடுங்கள். திறந்த தேதியை டப்பா மேல் எழுதுங்கள். சில பிராண்டு மூன்று மாதம், சில ஆறு மாதம்தான்.

பிதுக்குவதுதான் பெரிய தவறு. திசுநீர் கலந்து அளவு மாறிவிடும். வெதுவெதுப்பான நீரில் சோப்பு போட்டுக் கழுவி நன்றாகத் துடையுங்கள். மாம்பழமோ வாழைப்பழமோ உரித்த கையைக் கழுவாமல் குத்தினால் அளவு எக்கச்சக்கமாக ஏறும். ஸ்பிரிட் தேய்த்தால் முழுக்கக் காய விடுங்கள். கையைக் கீழே தொங்கவிட்டு, விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலியும் குறைவு. துளி தானாகத் திரளவில்லை என்றால் விரலில் குத்தும் பேனாவில் ஆழத்தை ஒரு எண் கூட்டுங்கள். ஸ்ட்ரிப்பின் ஓரத்தைத் துளியில் தொட்டால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். போதாமல் எர்ரர் வந்தால் மேலே இன்னொரு துளி விடாதீர்கள், புது ஸ்ட்ரிப் போடுங்கள்.

இரண்டு மணி நேரம் என்பதை முதல் வாய் எடுத்ததிலிருந்து எண்ண வேண்டும், கை கழுவியதிலிருந்து அல்ல.

செவ்வந்தி:
நன்றி. டப்பாவை அறைக்கு மாற்றிவிட்டேன். ஒரு விஷயம் விட்டுப்போனது: அதே ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 8.9 என்று இருக்கிறது. இதற்கும் சம்பந்தம் உண்டா?

வைகைக்கரை:
நிச்சயம் உண்டு. ரத்தசோகை இருந்தால் பெரும்பாலான மீட்டர்கள் அளவைக் கூட்டித்தான் காட்டும். ரிப்போர்ட்டில் பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) எவ்வளவு என்று பாருங்கள். ஹீமோகுளோபினைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு இருக்கும் என்பதால் 27 வாக்கில் வரலாம். ஸ்ட்ரிப்போடு வரும் தாளில் அது எந்தப் பிசிவி வரம்புக்குச் சரியாகக் காட்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். அம்மாவின் எண் அதற்கு வெளியே இருந்தால், அந்த மீட்டரை நம்பி மாத்திரை மாற்றக் கூடாது. இரும்புச்சத்துக் குறைவால் வந்த சோகை என்றால் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) கூட உண்மையைவிடக் கூடுதலாக வரலாம். ரிப்போர்ட்டையும் மீட்டர் அளவுகளையும் சேர்த்து டாக்டரிடம் காட்டுங்கள். சோகைக்கான காரணத்தையும் அவர் பார்க்க வேண்டும்.

ரத்தத்துளி:
இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மீட்டர் கூட்டிக் காட்டும் நிலையில் 75, 80 என்று வந்தால் உள்ளே உண்மையில் 70-க்குக் கீழே இருக்கலாம். வியர்வை, நடுக்கம், படபடப்பு இருந்தால் எண்ணைப் பார்த்துக் காத்திருக்காதீர்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.