ஆயில் சீல் வேர்த்தால் அது கசிவா?

பொருள்: முன் சக்கரத்து எண்ணெய்க்குச் சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுபவர்களுக்குக் கொடுப்பதற்காக, ஃபோர் வீல் வண்டிப் பராமரிப்புக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இருபது பக்கம்தான். முன் சக்கரத்தின் பக்கம் ஈரம் தெரிந்தால் எதைப் பார்ப்பது என்ற பகுதியில் மாட்டிக்கொண்டேன். மூலத்தில் வீப் (weep), சீப் (seep), டிரிப் (drip), லீக் (leak) என்று நாலு சொல் வருகிறது. நான் நாலுக்கும் "கசிவு" என்றே போட்டுக்கொண்டு போனேன். ஷாக் அப்சார்பர் பற்றிய இடத்தில், "இலேசான கசிவு கசிவு ஆகாது, கசிவு இருந்தால் மட்டும் மாற்றவும்" என்று ஒரு வாக்கியம் வந்து நின்றது. படித்துப் பார்த்த ஓட்டுநர் ஒருவர், "அப்ப மாத்தணுமா, வேண்டாமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்று ஆயில் சீல், அதாவது சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம். அவசரத்தில் "எண்ணெய் முத்திரை" என்று எழுதிவிட்டேன். ரேஷன் கடைப் பாமாயிலுக்கு வைக்கிற முத்திரையா என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.

இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.

மறு: முன் சக்கரத்து எண்ணெய்க்குச் சொல் வேண்டும்

தம்பிக்கு,

முதலில் வண்டிக்கு அடியில் படுப்போம், அப்புறம் சொல்லுக்கு வருவோம். பட்டறையில் இதற்கு ஏற்கெனவே தமிழ் இருக்கிறது. நமக்குத்தான் அது காதில் விழுவதில்லை.

போன ஐப்பசி மழையில் எங்கள் தோட்டத்துப் பிக்கப்பில் இதே கதை நடந்தது. பழைய ஃபோர் வீல் வண்டி. முன் அச்சு ஒரே நீளக் குழாய்; இரண்டு முனையிலும் தேங்காய் அளவுக்கு ஓர் உருண்டை, அதன் மேல் சக்கரத்தைத் திருப்பும் நக்கிள். ஒருநாள் காலையில் இடது முன் டயரின் உள்பக்கம் ஈரமாக இருந்தது. டிரைவர் "பிரேக் ஆயில்" என்றார். வேடிக்கை பார்த்தவர் "ஷாக் போயிருச்சு" என்றார். மெக்கானிக் வந்து ஒன்றும் சொல்லாமல் விரலில் தொட்டார், கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து இழுத்துப் பார்த்தார், முகர்ந்தார். அவ்வளவுதான், பிரேக் ஆயில் இல்லை என்று தெரிந்துவிட்டது.

எப்படி என்று கேட்டேன். வழக்கமான டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் நீர்த்து இருக்கும், பெயின்டை அரிக்கும், தண்ணீரை ஊற்றினால் அதோடு கலந்து போய்விடும். கியர் ஆயில் அப்படியில்லை. கொழகொழவென்று விரலில் ஒட்டும், தண்ணீர் அதன் மேல் முத்து முத்தாக நிற்கும், கந்தக வாடை மூக்கைத் துளைக்கும். ஒருமுறை முகர்ந்தவனுக்கு ஆயுளுக்கும் மறக்காது. எங்கள் வண்டியில் வந்தது வாடையில் கியர் ஆயில், நிறத்தில் கறுப்பு. வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து மாட்டுவண்டி அச்சில் தடவுவார்களே, அந்த வண்டி மையில் எண்ணெயைக் கூடுதலாக விட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

அந்தக் கறுப்புதான் துப்பு. உருண்டைக்குள் இருக்கும் ஜாயின்டுக்கு மாலிப்டினம் கலந்த கரிய கிரீஸ். அச்சுக் குழாய்க்குள், இரு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலிலிருந்து வரும் கியர் ஆயில். இரண்டும் சேராமல் நடுவில் காவல் இருப்பது உள் சீல். அது தேய்ந்தால் கியர் ஆயில் உருண்டைக்குள் புகுந்து கிரீஸைக் கரைக்கும். கரைந்த குழம்பு உருண்டையைத் துடைத்துக்கொண்டிருக்கும் வெளி வளையத்தைத் தாண்டி, கீழே வழிந்து, டயரில் இறங்கும். கண்ணுக்குத் தெரிகிற ஈரம் ஓரிடம், கெட்டுப்போன சீல் வேறிடம்.

மெக்கானிக் டீசல் போட்டுச் சுத்தமாகக் கழுவினார். காய்ந்ததும் முகப்பவுடரை எடுத்து நக்கிளைச் சுற்றியும் ஷாக்கின் மேலும் பிரேக் தட்டின் பின்னாலும் தூவினார். போடிமெட்டு வரை ஏறி இறங்கி வந்து பார்த்தோம். எண்ணெய் கீழேதான் வழியும், ஓடுகிற வண்டியில் காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே பவுடர் நனைந்த இடங்களில் எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னால் எது என்று பார்க்க வேண்டும். உருண்டையின் விளிம்பு நனைந்திருந்தது. ஷாக் காய்ந்த சுவர் மாதிரி இருந்தது. அப்போது அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்:

"வெளிச் சீல் வேர்க்குதுங்க, அது பரவால்ல. உள் சீல் ஊத்துது."

ஒரே மூச்சில் இரண்டு வினைச்சொல், இரண்டு நோய், இரண்டு முடிவு. நம் "கசிவு" இதில் எதற்கு?

சீலை மாற்றினோம். மூன்றே வாரத்தில் அதே ஈரம். சீல் மட்டமானது என்று வேறு சீல் போட்டோம். மறுபடியும் ஈரம். மூன்றாம் முறை இன்னொரு மெக்கானிக், வயதானவர், சக்கரத்தின் பக்கமே போகாமல், "பிரீதரைப் பாத்தீங்களா?" என்று கேட்டார். அச்சுக் குழாயின் முதுகில், உள்காற்று போய்வருவதற்காகச் சுண்டுவிரல் தடிமனில் ஒரு மூடி, அதுதான் பிரீதர். சேறு இறுகி, கல்லாகிக் கிடந்தது. வண்டி ஓடினால் அச்சு சூடாகும், உள்ளே காற்று விரியும். வெளியேற வழியில்லாத காற்று எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். எத்தனை புதுச் சீல் போட்டாலும் தள்ளும். எதிர்ப்பக்கமும் உண்டு: சூடான அச்சோடு ஓடையில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, அதே சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். எங்கள் டிஃபரன்ஷியல் எண்ணெய் ஏற்கெனவே தண்ணீர் கலந்து பால் விட்ட காபி நிறத்துக்கு வந்திருந்தது. முதல் நாளே வடிகால் போல்ட்டைத் தளர்த்திப் பார்த்திருந்தால் இரண்டு சீல் காசு மிச்சம்.

சரி, சொல்லுக்கு வருவோம். பட்டறையில் என் காதில் விழுந்தவை: வேர்க்குது, கசியுது, சொட்டுது, ஒழுகுது, ஊத்துது. சொன்ன வரிசையிலேயே அளவு கூடிக்கொண்டே போகிறது. என் முன்மொழிவு:

துடைத்தால் துணியில் கறை, ஆனால் தரையில் சொட்டு இல்லை, எண்ணெய் மட்டமும் குறையவில்லை என்றால் அது வேர்ப்பு. இரவில் வண்டிக்கு அடியில் விரித்த அட்டையில் காலையில் சொட்டு இருந்தால் கசிவு. நிற்கும்போதே கண்ணெதிரே ஓடினால் ஒழுக்கு.

"வேர்ப்பு" நான் கண்டுபிடித்த சொல் இல்லை. வியர்வைக்குப் பழைய பெயர்தான், எந்த அகராதியிலும் இருக்கும்.

ஆயில் சீலுக்கு முத்திரை வேண்டாம். "அடைப்பு" என்று யாராவது சொல்வார்கள், அதுவும் ஆகாது. இதே பக்கத்தில் பிரீதரில் மண் அடைத்துக்கொள்வதையும் அடைப்பு என்றுதானே எழுதப்போகிறீர்கள்? "அடைப்பை நீக்கவும்" என்றால் சீலைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். சீலை வெட்டிப் பார்த்தால் உள்விளிம்பில் மெல்லிய ரப்பர் உதடு, அதன் முதுகில் மயிரிழைச் சுருள்கம்பி. அந்த உதடுதான் சுழலும் தண்டைக் கவ்வி நிற்கிறது. ஆகவே "இதழடை" எனலாம். (தோசைக்கல்லில் போடும் அடை நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பில்லை.) ஆனால் இது பாடநூலுக்கு. உங்கள் கையேட்டில் ஆயில் சீல் என்றே இருக்கட்டும். கடையில் போய் "இதழடை கொடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் பேந்தப் பேந்த விழிப்பார், வண்டி மலையில் நிற்கும்.

பொருளை வாங்க உதவுகிற பெயரைத் தொடாதீர்கள். முடிவெடுக்க உதவுகிற சொல் பட்டறையில் தமிழாகவே இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மறு: மறு: முன் சக்கரத்து எண்ணெய்க்குச் சொல் வேண்டும்

வணக்கம் ஐயா. கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன்.

> நிற்கும்போதே கண்ணெதிரே ஓடினால் ஒழுக்கு.

இந்த இடத்தில் எங்களோடு முட்டும். எங்கள் பக்கம் ஒழுக்கு என்பது பொதுச் சொல். கூரை ஒழுக்கு, குழாய் ஒழுக்கு, ஒயில் ஒழுக்கு. நீங்கள் செய்தித்தாளில் மின்கசிவு என்று எழுதுவதை நாங்கள் மின்னொழுக்கு என்று எழுதுகிறோம். ஒரு சொட்டு விழுந்தாலும் ஒழுக்குத்தான். உங்கள் மூன்றாம் படி எங்களுக்கு முதற்படி. நீங்கள் மசகு எண்ணெய் என்பதை நாங்கள் உராய்வு நீக்கி என்று படித்தோம், அதனால் ஒருவருக்கும் நட்டமில்லை. இது அப்படியில்லை. எங்கள் ஆள் ஒருவர் உங்கள் கையேட்டைப் படித்தால் ஒரு சொட்டுக்கே லொறியை ஓரங்கட்டிவிடுவார்.

வேர்ப்பிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. ஐஸ் போட்ட கிளாஸ் வெளியே வேர்க்கிறது. அந்த நீர் உள்ளேயிருந்து வரவில்லை, காற்றிலிருந்து படிகிறது. ஏசி போட்டு ஓடிய வாகனத்தை நிறுத்தினால் முன்பக்கம், பல வாகனங்களில் முன் ரயருக்குக் கிட்டவே, நீர் சொட்டும். "வாகனம் வேர்க்கிறது" என்று அதையும் சொல்கிறோம். சீலில் நடப்பது உள்ளிருந்து வெளியே ஊறுவது. அதற்குப் பொசிவு பொருந்தாதா? வாய்க்கால் நீர் புல்லுக்குப் பொசியும் என்று சின்ன வகுப்பிலேயே படித்த சொல்தானே.

இதழடை எனக்குப் பிடித்திருக்கிறது. எடுத்துக்கொள்கிறேன்.

மறு: மறு: மறு: முன் சக்கரத்து எண்ணெய்க்குச் சொல் வேண்டும்

ஒழுக்கு விஷயத்தில் தோற்றேன். மின்னொழுக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மூன்றாம் படியையே எடுத்துவிடலாம். கண்ணெதிரே ஓடுகிற எண்ணெய்க்குப் பெயர் தேடிக்கொண்டு யாரும் நிற்கமாட்டார்கள்.

பொசிவு நல்ல சொல், பொருளும் துல்லியம். ஆனால் எங்கள் பக்கத்துப் பட்டறை எதிலும் நான் அதைக் கேட்டதில்லை. வேர்க்குது என்பதைத் தினமும் கேட்கிறேன். மனிதன் வேர்ப்பதும் உள்ளிருந்துதானே? கிளாஸைத்தான் நாம் மனிதனைப் பார்த்து அப்படிச் சொல்கிறோம். குழப்பம் வராமல் இருக்க "எண்ணெய் வேர்ப்பு" என்று சேர்த்தே எழுதலாம். ஏசித் தண்ணீருக்கு நிறமும் இல்லை, பிசுக்கும் இல்லை. விரலில் தொட்டவுடன் தெரிந்துவிடும்.

கசிவு என்பதற்குத் தமிழ்நாட்டிலும் ஒரு மெத்தனம் இருக்கிறது. மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் குட்டைக்குக் கசிவுநீர்க் குட்டை என்று, நல்ல காரியத்துக்கு அரசே பெயர் வைத்திருக்கிறது. அதனால்தான் "தரையில் விழுகிறது" என்ற சோதனையைச் சொல்லோடு ஒட்டிவைக்கச் சொல்கிறேன். சொல் மட்டும் போனால் ஆளுக்கொரு அளவு வைத்துக்கொள்வார்கள்.

மறு: மறு: மறு: மறு: முன் சக்கரத்து எண்ணெய்க்குச் சொல் வேண்டும்

ஐயாவுக்கும் கிளிநொச்சி நண்பருக்கும் நன்றி. இப்படித் திருத்தியிருக்கிறேன்:

"ஷாக் அப்சார்பரிலோ நக்கிள் உருண்டையிலோ எண்ணெய் வேர்ப்பு இருந்தால் துடைத்துவிட்டு ஓட்டலாம். ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்க்கவும். சொட்டு தரையில் விழுந்தால் அது கசிவு. ஆயில் சீலை மாற்றுவதற்கு முன் அச்சின் மேலுள்ள மூச்சுத்துளையில் மண் அடைத்திருக்கிறதா என்று பார்க்கவும்."

பிரீதருக்கு மூச்சுத்துளை என்று நானாகப் போட்டேன். யாருக்கும் மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

முதலில் கேள்வி கேட்ட அதே ஓட்டுநரிடம் நேற்று இதைக் காட்டினேன். எழுத்துக்கூட்டிப் படித்தார். "இப்பப் புரியுது. என் வண்டி வேர்க்குது, அவ்வளவுதான்" என்றார். எனக்குச் சந்தோஷம். கொஞ்ச நேரம் கழித்து, "பிரேக் ஆயில் வேர்த்தாலும் துடைச்சிட்டு ஓட்டலாமா?" என்று கேட்டார்.

கொழுக்குமலை இறக்கத்தை நினைத்துப் பார்த்தேன். நாம் மூவரும் இத்தனை மடல் எழுதியும் இது தோன்றவில்லை. ராத்திரியே ஒரு வரி சேர்த்துவிட்டேன்:

"பிரேக் எண்ணெய்க்கு வேர்ப்பு என்ற படி கிடையாது. சக்கரத்தின் பக்கம் பிரேக் எண்ணெய் ஈரம் துளி தெரிந்தாலும் வண்டியை எடுக்க வேண்டாம்."